பென்சிலில் இருந்த மைதானம்

ஓய்வு பெற்ற ஊழியர் சங்கத்து மலருக்கு ஸ்கேல் சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல ஒரு தப்புகூடப் பண்ணாத மனுஷன். அதையே தலைப்பா வெச்சிடுங்கக்கா" என்று சங்கச் செயலாளர் ஃபோனில் யோசனையும் சொன்னார். சரி என்றேன். வாயால் சரி என்று சொல்லிவிடுவதில் நான் கெட்டிக்காரி. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. ஸ்கேல் சார் ஒரு தப்பு செய்தார். அது எனக்குத் தெரியும். அந்தத் தப்பில் பாதி என்னுடையது. சங்க மலருக்கு இதெல்லாம் ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும்.

நகராட்சி அலுவலகத்தில் அவர் வரைவாளர், நான் டைப்பிஸ்ட். மாடியில் கோடி அறை அவருடையது. அதற்கு முந்தின அறை என்னுடையது. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அவர் அறையில் சரிவான மேஜை ஒன்று, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட். ஊர் வரைபடம் அந்த வெளிச்சத்தின் மேல்தான் விரித்துக் கிடக்கும். காலையில் வந்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு டிராயரிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து ட்ரேசிங் தாளின் மேல் லேசாகத் தூவி, பஞ்சால் துடைப்பார். கை வேர்வை தாளில் ஒட்டாமல் இருக்க. "என்ன சார், ஊருக்கு மேக்கப் ஆச்சா?" என்று நாங்கள் கேலி செய்வோம். "ஆச்சும்மா. மூஞ்சிதான் நாளுக்கு நாள் பெருசாயிட்டே போகுது" என்பார்.

உண்மைதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் முழுவதும் ஒரே தாளில் அடங்கியிருந்தது. ஸ்கேல் சார் ஓய்வு பெறும்போது ஒன்பது தாள். தொழிற்சாலைகள் வந்தன, அவற்றின் பின்னால் ஆட்கள் வந்தார்கள், ஆட்களின் பின்னால் மனை விற்பவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு மனைப்பிரிவிலும் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விடாமல் யாரும் இல்லை. உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் விட்டார்கள். சாக்கடை வாய்க்காலின் ஓரத்தில் முக்கோணமாக விட்டார்கள். ஒருவர், இரண்டு வீட்டு மதில்களுக்கு நடுவே ஆறடி அகலத்துக்கு ஒரு சந்து விட்டு, 'பூங்கா மற்றும் விளையாட்டிடம்' என்று எழுதிக் கொண்டுவந்தார். ஸ்கேல் சாருக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "இதுல என்ன சார் விளையாடறது? ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நின்னு ரயில் விளையாட்டா?" என்று கேட்டுவிட்டார். ஆனாலும் மேலே கையெழுத்து ஆகிவிட்டால் அவர் வரைந்துதான் ஆகவேண்டும். வரைந்து, பச்சை வண்ணமும் தீட்டுவார். தாளில் பார்த்தால் ஊரில் நாற்பது விளையாட்டிடங்கள் இருந்தன.

நிஜத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் தெருவின் கோடியில் பழைய செங்கல் சூளை. மண்ணைத் தோண்டித் தோண்டி நிலம் தெருவைவிட முழங்கால் ஆழம் இறங்கிப்போயிருந்தது. சூளை மூடியதும் நகராட்சியின் கைக்கு வந்தது. மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளே செங்கல் சில்லுகளைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தார்கள். ஒரு பக்கம் கால்பந்து, ஒரு பக்கம் இரண்டு கம்பும் கயிறுமாக வாலிபால். என்னைப் போலச் சர்க்கரை வந்த பெண்கள் சாயங்காலம் சுற்றிச் சுற்றி நடப்போம். அம்மாக்கள் நடப்பதால் பெண் பிள்ளைகளும் வந்தார்கள். இது கணக்கில் வராத விஷயம், ஆனால் இதுதான் விஷயம். அம்மாவின் கண் படுகிற இடத்தில்தான் பெண் பிள்ளையை ஓடவிடுவார்கள்.

அங்கே ஓடியவர்களில் ஒருத்தி ஸ்கேல் சாரின் மகள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. ஸ்கேலுக்குப் பிறந்ததால் ஆபீசில் நாங்கள் மீட்டர் என்றோம். தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்றே வீடு. மீட்டர் என்னை அத்தை என்று கூப்பிடுவாள். பள்ளிவிட்டு வந்ததும் பையை என் வீட்டு வாசலில் எறிந்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவாள். பதின்மூன்று வயதில் தெருவில் இருந்த பையன்கள் எல்லோரையும் தோற்கடித்தாள். என் பையன் உட்பட. தோற்றுப்போய் வந்து, "அவளுக்கு கால் நீளம்மா" என்று நொண்டிச்சாக்கு சொன்னான். இரண்டு பேருக்கும் ஒரே உயரம்.

ஸ்கேல் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றையும் முளைக்குச்சியையும் கொண்டுபோய் சுண்ணாம்புத் தூளில் ஒரு நீள்வட்டம் போட்டார். ஒரு சுற்று முந்நூற்றுப் பத்து மீட்டர். "இது ஒத்தப் பாதைதான். கிரவுண்டு நம்ம கைக்கு வரட்டும், ஆறு பாதை போட்டுத் தரேன்" என்று மகளிடம் சொன்னார். அவள் அதைத் தெரு முழுக்கப் போய்ச் சொன்னாள்.

கைக்கு வருகிற மாதிரியும் இருந்தது. ஊரின் மொத்த வரைபடத்தையும் திருத்தி எழுதும் வேலை அந்த வருடம் வந்தது. அப்போதிருந்த இஞ்சினியர் நல்ல மனிதர். சூளை நிலத்தை மைதானம் என்று காட்டலாம், மன்றத்தில் தீர்மானம் வரட்டும் என்றார். ஸ்கேல் சாரின் அறையில் ஒரு முறை உண்டு. தீர்மானம் ஆகாதது எல்லாம் பென்சிலில் இருக்கும். தீர்மானம் வந்து, இஞ்சினியர் பதிவேட்டில் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் மை. அவருக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். மை போட்டது நிலம், பென்சிலில் இருப்பது ஆசை என்பார் ஸ்கேல் சார்.

அந்த ஆசையை அவர் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார். நீள்வட்டத்துக்குள் ஆறு பாதைகள். வாலிபால் ஆடுகளம். சுற்றிலும் நடைபாதை. ஒரு குடிநீர்க் குழாய். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கழிப்பறை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது உட்பட. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

"கண்ணுக்கே தெரியலையே சார்."

"தெரியற மாதிரி போட்டா அதுக்குப் பேரு பென்சில் இல்லம்மா, கரி" என்றார்.

அவருடைய பென்சில் இருப்பதிலேயே கடினமானது. முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கி வைத்திருப்பார். அழித்தால் தடமே இருக்காது. அவருடைய கை சுத்தத்தைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து வரைவாளர்கள் வந்ததுண்டு. கூட இருந்த ஜூனியரின் தாள் எப்போதும் அழுக்கு. கட்டைப் பென்சிலை அழுத்தி அழுத்தி வரைந்து கையையும் மேலே தேய்த்து வைப்பான். அவனை ஸ்கேல் சார் திட்டாத நாளில்லை.

தீர்மானம் நிறைவேறியது. அன்றைய கூட்டத்தில் நாற்பத்து மூன்று பொருள்கள். முப்பத்தேழாவது எங்கள் மைதானம். எல்லாருக்கும் பசி நேரம், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான்தான் டைப் அடித்தேன். நகலை நானே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். மூன்று முறை படித்தார். பிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்.

"இஞ்சினியர் ஒப்பம் வேணுமே."

இஞ்சினியர் நாலு நாளைக்கு முன்புதான் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இன்னும் வந்து சேரவில்லை.

"நீங்க மையைப் போட்டுடுங்க சார். ஒப்பம் அப்புறம் வாங்கிக்கலாம்" என்றேன்.

"அது எப்படிம்மா முடியும்? இத்தனை வருஷம் போடாதவன் இப்ப என் பொண்ணு ஓடற இடத்துக்கு மட்டும் போட்டேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்."

நியாயமான பேச்சுதான். அடுத்த நாளே தலைமை அலுவலகத்திலிருந்து தந்தி அடித்த மாதிரி உத்தரவு வந்தது. ஒன்பது தாளும் திங்கட்கிழமைக்குள் வரவேண்டும். ஸ்கேல் சார் தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பினார். "முதல் நகல்தானே, திருத்தத்துக்குத் திரும்பி வரும். வந்ததும் மை போட்டுடறேன்" என்றார். முப்பது வருடங்களாக எந்த வரைபடமும் திருத்தத்துக்குத் திரும்பி வராமல் இருந்ததில்லை. அதனால் நானும் அதை நம்பினேன்.

அந்த முறை திரும்பி வரவில்லை. தலைமை அலுவலகத்தில் புதிதாக ஸ்கேனர் வாங்கியிருந்தார்கள். தாள்களை நேரே அதில் கொடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அச்சான வரைபடம் வந்தது. ஸ்கேல் சார் மேஜையில் விரித்தார். சூளை நிலம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஆறு பாதைகள் இல்லை, ஆடுகளம் இல்லை, குழாய் இல்லை. அவருடைய பென்சிலை அந்த இயந்திரத்தின் கண் பார்க்கவே இல்லை. ஜூனியர் தன் தாளில் கட்டைப் பென்சிலால் போட்டு, மை போட மறந்த ஒரு மாட்டுக்கொட்டகைகூட அச்சில் கன்னங்கரேலென்று வந்திருந்தது. ஸ்கேல் சார் அந்த வெள்ளை இடத்தை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மன்றத் தீர்மானம் எதுவானாலும், அச்சில் வந்த வரைபடம்தான் செல்லும். வெள்ளையாக இருக்கும் நகராட்சி நிலத்துக்குப் பெயர் 'பொதுப் பயன்பாட்டுக்கான காலி இடம்'. அடுத்த வாரமே அங்கே கழிவுநீர் உந்து நிலையம் கட்டுவதாக முடிவானது. ஊர் வளர்ந்தால் கழிவும் வளரும், அதற்கும் ஓர் இடம் வேண்டும்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு வேறு நாலு இடங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை.

ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம். அறிவிப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. அதையும் நான்தான் டைப் அடித்தேன். வரைபடத்தில் விடுபட்டது ஏதேனும் இருந்தால், வரைந்தவரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கொடுத்தால், மறுபேச்சில்லாமல் சேர்க்கப்படும். அப்படி எழுதிக் கொடுப்பவருக்கு என்ன நடக்கும் என்று அறிவிப்பில் போடமாட்டார்கள். எங்களுக்குத் தெரியும். மெமோ வரும், விசாரணை வரும், ஓய்வு பெறுகிற நாளில் விசாரணை முடியாமல் தொங்கும்.

மீட்டருக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவின் அறையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. மேலே யாரோ பெரிய மனிதர்கள் சதி செய்து மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, தானே மனு எழுதி, சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து அவள் அப்பா போட்டது. இரண்டாவது நான். என் வீட்டு வாசலில் நின்றபடி, "அத்தை, எவன் வேலை இதுன்னு மட்டும் தெரிஞ்சுது, அவன் சட்டையைப் பிடிச்சுக் கேப்பேன்" என்றாள். நான் பேனாவை மூடிக் கொடுத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் ஸ்கேல் சார் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு தாள். அச்சு மாதிரி அவருடைய கையெழுத்து. 'தீர்மானம் எண் முப்பத்தேழின்படி குறிக்கப்பட்டிருக்கவேண்டிய விளையாட்டு மைதானத்தை மையிடாமல் அனுப்பியது என் பிழை' என்று ஆரம்பித்திருந்தது. டைப் அடித்துத் தரச் சொன்னார். நான் படித்துவிட்டு மெஷினில் தாளைச் செருகாமல் உட்கார்ந்திருந்தேன்.

"வேணாம் சார்" என்றேன்.

அவர் நின்றார்.

"இன்னும் பதினாலு மாசம்தான் சார் இருக்கு. மாலை போட்டு அனுப்ப வேண்டிய ஆளு, விசாரணைன்னு கை கட்டிட்டு நிப்பீங்களா? அதான் பாப்பா மனு குடுத்திருக்காளே. அறுநூறு கையெழுத்து. அதை யாரும் சும்மா தள்ளிட முடியாது."

"அப்படியா சொல்ற?"

"அப்படித்தான் சார். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இத்தனை வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான். ஆனால் அவர் என்னிடம் வந்தது டைப் அடிக்க இல்லை. கையால் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று அவருக்குத் தெரியும். போடுங்க சார், நான் கூட நிற்கிறேன் என்று ஒருத்தர் சொல்லவேண்டும் என்று வந்திருந்தார். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கதவு வழியாக என்னை இரண்டு மூன்று முறை பார்த்தார். நான் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முப்பதாம் நாள் ஐந்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனுவுக்குப் பதில் போனது. 'மேற்படி இடம் விளையாட்டு மைதானமாக ஒதுக்கப்பட்டதற்கு வரைபடத்தில் ஆதாரம் ஏதும் இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது.' அதை டைப் அடித்ததும் இந்தக் கைதான். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

மதில் எழுந்தது. பையன்கள் கொஞ்ச நாள் தெருவில் ஆடினார்கள். கண்ணாடி உடைந்தது, கார் கீறல் பட்டது, பெரியவர்கள் கத்தினார்கள். பிறகு வாசற்படிகளில் வரிசையாக உட்கார்ந்து ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் என் பையனும் இருந்தான். இப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறான். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கொஞ்ச நாள்கூடக் கிடைக்கவில்லை. மதில் எழுந்த வாரத்திலேயே ஒருத்திகூட வெளியில் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

மீட்டர் மட்டும் ஓடினாள். பள்ளியில் மைதானம் இருந்த இடத்தில் வகுப்பறைகள் கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது புறவழிச்சாலை. விடிகிற நேரத்தில் அவள் ஓரமாக ஓட, பின்னால் ஸ்கேல் சார் சைக்கிளில் போவார். கேரியரில் சிவப்பு விளக்கு. வளைவே இல்லாத நாலு கிலோமீட்டர் சாலை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போகும். மழை, பனி எதற்கும் அவர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மூச்சிரைக்க மிதிப்பார். ஊர் அவரைப் பார்த்து, இப்படியல்லவா அப்பன் இருக்கவேண்டும் என்று மெச்சியது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பணி நிறைவு விழா நடந்தது. புது இஞ்சினியர் மைக்கைப் பிடித்து, முப்பத்து நாலு வருடம், ஒரு பிழை இல்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் மீட்டர் எழுந்து நின்று தட்டினாள். ஏற்புரைக்குக் கூப்பிட்டபோது ஸ்கேல் சார் மைக் முன்னால் போய் நின்றார், நன்றி என்று ஒரே சொல் சொன்னார், வந்து உட்கார்ந்துவிட்டார். கூச்ச சுபாவம் என்றார்கள். அவருடைய மனைவி என் காதில், "ஒரு வருஷமா இப்படித்தான் இருக்காரு. கேட்டா மென்னு முழுங்கறாரு. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லையேக்கா என்றேன்.

மீட்டருக்குப் பதினேழு வயதானபோது அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வு வந்தது. தேர்வானால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. தூரத்து நகரத்தில் ஸ்டேடியம். அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் துணைக்கு நான் போனேன். ஸ்டேடியத்தின் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் வாயைப் பிளந்து நின்றுவிட்டாள். செங்கல் நிறத்தில் பாதை, எட்டு வரிசை, வெள்ளைக் கோடுகள். குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, மெத்து மெத்துன்னு இருக்குப்பா!" என்றாள். ஸ்கேல் சாரும் குனிந்து தொட்டார்.

எண்ணூறு மீட்டர். முதல் வளைவு முழுக்க அவரவர் பாதைக்குள்ளேயே ஓடவேண்டும், அதைத் தாண்டிய பிறகுதான் உள்ளே சேரலாம் என்று அதிகாரி சொன்னார். மீட்டர் தலையை ஆட்டினாள். வெடிச் சத்தம் கேட்டது. அவள் புறப்பட்ட வேகத்தில் நான் எழுந்தே விட்டேன். ஸ்கேல் சார் எழுந்திருக்கவில்லை. குனிந்து, கண்ணை இடுக்கி, மேஜையில் தாளைப் பார்ப்பது போல் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"மிதிச்சுட்டா" என்றார்.

"என்ன சார்?"

"உள்கோட்டை மிதிச்சுட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு அடி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வளைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி மஞ்சள் கொடியைத் தூக்கியது மட்டும் தெரிந்தது. ஓடுகிறவளுக்கு அது தெரியவில்லை. இரண்டு வருடமாக நேர்கோட்டில் மட்டுமே ஓடிய பெண். கால் திரும்பவேண்டிய இடத்தில் எப்படித் திரும்பும்? இரண்டாவது சுற்றில் எல்லோரையும் விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்தாள். பத்து மீட்டர் இடைவெளியில் முதலாவதாக முடித்தாள். முடித்த வேகத்திலேயே கம்பித் தடுப்பைத் தாண்டி எங்களிடம் ஓடிவந்தாள்.

"ஃபர்ஸ்ட்டுப்பா! அத்தை, பார்த்தீங்களா, ஃபர்ஸ்ட்டு!"

ஸ்கேல் சார் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் வரும்வரை அவர் பேசாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"இல்லம்மா. வளைவுல உள்கோட்டை மிதிச்சுட்ட. கொடி காட்டிட்டாங்க. உன்னை எடுத்துடுவாங்க."

அவள் சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எனக்கு வளைவுல ஓடிப் பழக்கமே இல்லையேப்பா" என்றாள். "இவங்க எல்லாருக்கும் கிரவுண்டு இருக்கு. நம்ம கிரவுண்டை மட்டும் அந்தப் பாவிங்க பிடுங்காம இருந்திருந்தா..."

"பாவிங்க இல்லம்மா. நான்தான்."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். பென்சில், மை, ஒப்பம், ஸ்கேனர், முப்பது நாள், நாலாக மடித்த தாள். ஆபீஸ் குறிப்பு எழுதுகிற மாதிரி வரிசையாக, தேதி உட்பட. எங்கேயும் என் பெயரை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. நடுவில் ஒலிபெருக்கி அவளுடைய எண்ணைச் சொல்லி, தகுதி நீக்கம் என்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "என் மனுவுல முதல் கையெழுத்து நீங்கதானேப்பா போட்டீங்க?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் கீழே உட்கார்ந்து இரவல் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "உங்களுக்கும் தெரியுமா அத்தை?" என்றாள்.

"தெரியும் பாப்பா" என்றேன். "எழுதிக் குடுக்கறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் அவர் தூங்கி அவள் தோளில் சாய்ந்தார். தள்ளிவிடவில்லை. அப்பாவை அவள் என்றைக்குமே தள்ளிவிடவில்லை. படிப்பை முடித்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்கு இதயத்தில் கோளாறு வந்தபோது ஆஸ்பத்திரி, மாத்திரை, நடை எல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவரைக் கையைப் பிடித்து மொட்டை மாடியில் நடக்க வைப்பாள், கீழே நடக்க இடம் ஏது? ஆனால் அந்த வீட்டில் ஓட்டம் என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை. விடிகாலையில் சைக்கிள் சத்தமும் கேட்கவில்லை.

என்னோடு அவள் பேசவில்லை. சண்டை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தெருவில் எதிரே வந்தால் வழி விட்டு ஒதுங்கி நிற்பாள், முன்பின் தெரியாதவருக்கு ஒதுங்குவது போல. இப்படியே ஆறு வருடம். நானாகப் போய் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மீட்டர் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற உடுப்பு, தலை வாரவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன், கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று. அவள் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அப்பா போயிட்டாரு" என்றாள். "உங்க ஆபீசுல எல்லாருக்கும் சொல்லணும். இதையாச்சும் சொல்லிடுங்க."